ரெண்டாவது கதவு

ஏனுங்க, கொஞ்சம் அக்கட்ட நகந்துக்கறீங்களா? பை பெருசுங்க. இல்லீங்க, மேல வெக்க முடியாது, லேப்டாப் இருக்குது. கீழயும் வெக்க மாட்டேன். மடியிலயே இருக்கட்டும். பெத்த கொழந்தையக்கூட நீ இப்படித் தூக்கினதில்லைன்னு என்ற ஊட்டுக்காரி சொல்லும். அது கெடக்குது.

என்ன கூட்டம் பாருங்க. விஜயதசமின்னா பள்ளிக்கூடத்துல சேத்தறவங்க பாதி, கோயிலுக்குப் போறவங்க பாதி. நம்ம டிரைவர் வேற, முன்னால ரோடே தெரியாத அளவுக்கு மாலையும் வாழைக்கன்னுமாக் கட்டிப்போட்டு ஓட்டறாரு. நேத்து ஆயுதபூசைக்குக் கட்டுனது, இன்னும் அவுக்கலை. நீங்க எது வரைக்குங்க? கோபிங்களா? நானும் கோபிதான். நல்லதாப் போச்சு, நாயம் பேசிட்டே போலாம். எனக்குப் பேசாம இருந்தா இன்னைக்குத் தலையே வெடிச்சுரும்.

பொரிங்களா? குடுங்க, ஒரு கை. காலைல இருந்து பச்சைத்தண்ணி குடிக்கலை.

நான் ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் பாக்கறனுங்க. பேரு சொல்ல மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, எங்க தொழில் அப்படி, பாதுகாப்பு. எந்த ஆஸ்பத்திரின்னு தெரியாத வரைக்குந்தான் எல்லாருக்கும் நல்லது. என்னங்க பாக்கறீங்க? ஓ, கழுத்துக் கார்டா. அதுல இருக்குதுங்களா? கழட்டோணும்னு நெனச்சு மறந்துட்டேன். சரி, படிச்சுட்டீங்க, உங்களோட வெச்சுக்கங்க.

ஆஸ்பத்திரின்னா ஊசி போடறதும் மாத்திரை குடுக்கறதும்னு நெனப்பீங்க. அதில்லீங்க இப்ப. ரத்தம் எடுத்தா அந்த ரிசல்ட்டு, ஸ்கேன் எடுத்தா அந்தப் படம், எல்லாம் ஒரே ஒரு சர்வர்ல போய் உக்காந்துக்கும். டாக்டர் அவரு ரூம்ல இருந்துட்டே பாத்துக்குவாரு. அந்த சர்வர் எங்க இருக்குதுங்கறீங்க? ஈரோட்டுல இல்லை. பம்பாய்ல, வாடகைக்கு. நான் கண்ணால பாத்ததே கெடையாது. ஆனா அதுக்குள்ள நடக்கறது அத்தனையும் நான்தான். என்ற ரூம்ல உக்காந்துட்டு அங்க உள்ள போவேன், கூட்டுவேன், கழிப்பேன், வருவேன். இப்ப உள்ள போற கதவு சாத்திக்கிச்சு. அதாங்க விசயம். என்ற கையால நானே சாத்தி, நானே வெளிய நிக்கறேன்.

சிரிக்காதீங்க. சிரிப்பு வரும், எனக்கே வந்துச்சு, காலைல. இப்ப வரலை.

மொதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க. ஆடி மாசம் எங்க சர்வருக்குள்ள ஒருத்தன் பூந்துட்டான். திருடனுங்க. எந்த நாட்டுக்காரனோ. பணமெல்லாம் எடுக்கலை, நோயாளிங்க சமாச்சாரத்தையும் தொடலை, நம்ம மாரியாத்தா காப்பாத்துனா. நம்ம சர்வரை வெச்சுட்டு உலகத்துக்கெல்லாம் திருட்டு மெயில் அனுப்பிட்டு இருந்திருக்கறான். பம்பாய்க்காரன் போன் பண்ணி, இப்படியே போனா உங்க சர்வரை நிறுத்திப்போடுவோம்ங்கறான். பெரிய டாக்டரு என்னைக் கூப்ட்டு, சென்னியப்பா, எப்படி வந்தான்னு கேட்டாரு. பெரிய டாக்டருன்னா ஆஸ்பத்திரி ஓனர். கோவமாக் கேக்கலை. மெதுவாக் கேட்டாரு. அவரு மெதுவாக் கேட்டாத்தான் பயம்.

எப்படி வந்தான்னு நான் பாத்துட்டேன். எக்ஸ்ரேன்னு ஒரு பேர் போட்டு, ஒரு தனிக் கணக்கு இருந்துச்சு, அது வழியா வந்திருக்கறான். அது ஒன்னுமில்லீங்க, எக்ஸ்ரே மிசின் சரி பண்ண ஒருத்தர் வந்தாரு. அருமையான மனுசன். காங்கயத்துக்காரரு, என்ற மாமனார் ஊரு. பேச்சுவாக்குல பாத்தா மாமனாருக்கு ஒறம்பரை வேற, தூரத்துச் சொந்தம். டீ குடிச்சுட்டு, அண்ணா, எனக்கு ஒரு அரை நாளைக்கு உள்ள போக வழி பண்ணுங்க, பாஸ்வேர்டு சுலுவா வெய்ங்க, நமக்கு ஞாபகம் இருக்காதுன்னாரு. சரின்னு எக்ஸ்ரேங்கற அந்தப் பேரையே பாஸ்வேர்டா வெச்சுக் குடுத்தேன். முடிஞ்சதும் சொல்றேன்னாரு. அவரு சொல்லவே இல்லை, நான் எப்படிங்க மூடறது? அதனால அது அப்படியே இருந்துச்சு.

ஆனா பாருங்க, எந்தக் கதவுல வந்தான்ங்கறது வேற விசயம். நம்ம ஊடு இங்க இருக்குதுன்னு அவனுக்கு ஆரு காட்டினா? அதை ரோசனை பண்ணோணுமில்ல. நான் உக்காந்து ரோசிச்சேன். ஆஸ்பத்திரிக்குள்ள இருந்து உள்ள போறது நான். வெளிய இருந்து உள்ள போறது ஒரே ஒரு ஆளு.

கோகிலவாணின்னு ஒரு பொண்ணு. என்ற கீழதான் வேலை. நான் வளத்துவிட்ட பொண்ணுன்னே சொல்லலாம். அதாவது, அது வர்றப்பவே எல்லாந் தெரிஞ்சுட்டுத்தான் வந்துச்சு, இருந்தாலும் நான் பக்கத்துல இருந்தேன். கோபில ஊடு. அப்பனுக்குப் பக்கவாதம், ஒரு பக்கம் சுத்தமா விழுந்துருச்சு. அம்மா இல்லை. கட்டல்ல இருந்து எந்திரிச்சு வெச்சு, சோறு ஊட்டி, துணி மாத்தறது வரைக்கும் இதேதான். அதனால பெரிய டாக்டரே எரக்கப்பட்டு, நீ ஊட்ல இருந்தே வேலை பாரும்மான்னு விட்டிருந்தாரு. நல்லாத்தான் பாத்துச்சு. கொறை சொல்லக் கூடாது. நான் மறந்ததையும் சேத்துப் பாக்கும். அதுதான் எனக்குக் கொஞ்சம் புடிக்காது, மேல இருக்கறவனை மறக்கறவன்னு காட்டக் கூடாதில்லீங்களா?

சாவின்னு சொன்னா உங்களுக்குப் புரியுங்களா? இந்த சர்வருக்குள்ள போக ரெண்டு வழி. ஒன்னு, பாஸ்வேர்டு. அதை ஆரு வேணாலும் யூகிச்சுப் பாப்பான். பொழுதன்னைக்கும் எவனோ ஒருத்தன் தட்டிட்டே இருப்பான். இன்னொன்னு, சாவி. அது ஒரு பைல்தாங்க, உங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும். அந்தச் சாவிக்குன்னு செஞ்ச பூட்டு சர்வர்ல இருக்கும். சாவி இருந்தாப் போலாம், இல்லைன்னா எந்தக் கொம்பனும் போக முடியாது. அந்தச் சாவிக்கே ஒரு பாஸ்வேர்டு போட்டு வெப்போம். என்றதை ஊட்டுக்காரிகிட்டக்கூட சொன்னதில்லை. கொலசாமி பேரும் பையன் பொறந்த வருசமும். அவ்வளவுதான், அதுக்கு மேல கேக்காதீங்க.

அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சுன்னா, ஆபத்துக்குன்னு ரெண்டாவது ஒரு கதவு போட்டு வெச்சிருந்துச்சு. அதுக்குத் தனிச் சாவி. அண்ணா, உங்க கதவு எப்பவாச்சும் சிக்கிக்கிச்சுன்னா இதுல போயிரலாம், சாவி ஒரு காப்பி நீங்களும் வெச்சுக்கங்கன்னுச்சு. எனக்கெதுக்கு அம்மிணி அதெல்லாம், நான் இருக்கறப்ப எப்படி சிக்கும்னேன். அது சிரிச்சுட்டு விட்ருச்சு. நல்ல சிரிப்புங்க அதுக்கு.

அப்பறம் பெரிய டாக்டர் ரூம்ல மீட்டிங். மேனேஜரு, அக்கவுண்ட்ஸ், எல்லாரும் இருக்கறாங்க. எக்ஸ்ரே கணக்கைப் பத்தி நான் எடுக்கலை. அதை எடுத்தா, அந்தக் காங்கயத்து மனுசன் பொழப்புப் போயிருமில்ல, பாவம். வெளிய இருந்து, ஊட்டு லைன்ல இருந்து உள்ள வர்றவங்களாலதான் ஆபத்துங்க டாக்டர், அந்த வழிய மொதல்ல அடைக்கோணும்னேன். இவ்வளவுதான் சொன்னேன். பேரு சொல்லலை. என்ற பையன் மேல சத்தியமா பேரு சொல்லலை. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. ஊட்ல இருந்து வர்றது ஒரே ஆளுதான்னா அதுக்கு நான் என்னங்க பண்றது?

அன்னைக்கே அந்தப் பொண்ணு கணக்கை எடுத்துப்போட்டேன். தெனமும் ஆஸ்பத்திரிக்கு வந்து வேலை பாக்கட்டும்னு பெரிய டாக்டரு சொல்லிப்போட்டாரு. அந்த ரெண்டாவது கதவோட சாவி மட்டும் அது லேப்டாப்ல இருந்துச்சு. நான் விடுவனுங்களா? வீடியோ கால் போட்டு, என்ற கண்ணு முன்னால அழின்னேன். அழிச்சுச்சு. குப்பைத்தொட்டிலயும் காட்டுன்னேன். அதையும் காலி பண்ணிக் காட்டுச்சு. பின்னால அப்பன் கெடக்கறது தெரியுது, ஒரு கைய மட்டும் ஆட்டிட்டு என்னமோ சொல்றாரு. அண்ணா, உங்களுக்கு என்ற மேல சந்தேகமான்னு கேட்டுச்சு. சந்தேகம் உன்ற மேல இல்லை கண்ணு, நடைமுறைன்னேன். கதவை எடுக்கலை, சாவி போனப்பறம் கதவு இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு விட்டுட்டேன்.

கொஞ்ச நாள் பஸ்சுல வந்துச்சு. இதே ரூட்டுதான். பக்கத்து ஊட்டு அக்காகிட்ட அப்பனை விட்டுட்டு வரும். ஒரு நாள் அந்தக்கா கடைக்குப் போன நேரத்துல மனுசன் கட்டல்ல இருந்து விழுந்து, இடுப்பு எலும்பு போச்சு. அதோட வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு. எனக்கும் பொக்குன்னு ஆயிருச்சுங்க. நேர்ல போய் ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லோணும்னு இருந்தேன், சோலி விடலை. இப்பத்தான் போறேன். பாருங்க, ஆப்பிள், மாதுளை, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டுத்தான் போறேன். வெறுங்கையோட போக மாட்டேன்.

சித்தோடு தாண்டியாச்சுங்களா? சரி.

அதுக்கப்பறம் எனக்கு இதே ரோசனைங்க. பூட்டு, பூட்டு, பூட்டு. பாஸ்வேர்டு வழியவே அடைச்சேன். சாவி என்றது ஒன்னு மட்டும். எவன் தட்டினாலும், எங்கிருந்து தட்டினாலும், ஒவ்வொரு தட்டலையும் எழுதி வைன்னு சர்வருக்கு உத்தரவு போட்டேன். அப்பவும் மனசு கேக்கலை. நேத்துக் காலைல இன்னொன்னு பண்ணினேன். நம்ம ஒவ்வொரு இன்டர்நெட் லைனுக்கும் ஒரு நம்பர் உண்டுங்க, விலாசம் மாதிரி. என்ற ரூமுக்குன்னு தனி லைன். அந்த விலாசத்துல இருந்து வந்தா மட்டும் என்ற கதவத் தெற, வேற எங்க இருந்து வந்தாலும் தெறக்காதேன்னு சர்வர்ல எழுதிட்டேன். எழுதி, வெளிய வந்து, மறுபடி உள்ள போய்ப் பாத்தேன். கச்சிதமா வேலை செஞ்சுது. இனி எமனே வந்தாலும் என்ற ரூமுக்கு வந்து, என்ற நாற்காலில உக்காந்தாத்தான் உள்ள போக முடியும்னு அப்படி ஒரு நிம்மதி.

மத்தியானம் ஆயுதபூசை. எங்க ஆஸ்பத்திரில அதை நான்தான் எடுத்துக் கட்டிச் செய்யறது. ஆபரேசன் கத்தில இருந்து ஆம்புலன்சு வரைக்கும் பொட்டு வெச்சுருவோம். ஆஸ்பத்திரிய நிறுத்த முடியாது, ஆனா என்ற ரூமை மட்டும் நான் முழுசா நிறுத்திருவேன். ஆயுதம் ஒரு பொழுது ஓய்வா இருக்கோணும், அப்பத்தான் வருசம் பூரா ஒழைக்கும். லேப்டாப்பை மூடி சரசுவதி படத்துக்கு முன்னால வெச்சாச்சு. பெரிய டாக்டரு சம்சாரம், டாக்டரம்மா, தட்டோட வந்து நிக்கறாங்க. அந்த இன்டர்நெட் டப்பா மட்டும் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுட்டு இருக்குது. அதுக்கும் வெய்ங்கன்னாங்க. ஓடறப்ப எப்படிங்க சந்தனம் வெக்கறது? சுட்ச்ச அணைச்சு, பயபக்தியா மூணு விரல்ல பட்டை போட்டு, பூ வெச்சுக் கும்பிட்டேன். இன்னைக்குக் காலைல வந்து, குளிச்சு முழுகி, சாமிய நெனச்சு சுட்ச்சப் போட்டேன்.

அடக் கெரகமே. அந்த லைன் விலாசம் நிரந்தரம் கெடையாதுங்க. அணைச்சுப் போட்டா இன்டர்நெட் கம்பெனிக்காரன் வேற நம்பர் குடுத்துருவான். இந்தத் தொழில்ல இருக்கற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பழைய நம்பர்காரனுக்கு மட்டுந்தான் தெறப்பேன்னு சர்வர் நிக்குது. நான் புது நம்பர்ல போய் நின்னுட்டு, நான்தாஞ் சாமி, நான்தாஞ் சாமின்னு தட்டறேன். நான் தட்டறதையும் எழுதி வெச்சுக்குது. உள்ள போக வேற ஆரையுமே நான் விட்டு வெக்கலையே!

கதவு சாத்திக்கிச்சுன்னா என்ன, நாளைக்கு நிதானமாப் பாக்கலாமேன்னு கேப்பீங்க. பாக்க முடியாதுங்க. எல்லாத் தட்டலையும் எழுதச் சொன்னேன்ல? அது எழுதி எழுதி இடம் நெறஞ்சுட்டு இருக்குது. நான் அப்பப்ப உள்ள போய்க் கழிச்சு விடுவேன். இன்னைக்குப் போக முடியலை. பொழுதோட முழுசா ரொம்பிரும். ரொம்பிருச்சுன்னா ஒரு ரிசல்ட்டும் ஏறாது. ரத்தம் எடுத்துட்டு உக்காந்திருப்பாங்க, டயாலிசிஸ்காரங்க காத்துட்டு இருப்பாங்க, டாக்டருங்க ஸ்க்ரீனைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. அப்பறம் எல்லாரும் என்ற ரூமுக்குத்தான் வருவாங்க.

பம்பாய்க்காரன்கிட்டக் கேட்டேன். அவன் சைடுல இருந்து தெறந்து விடறேன்ங்கறான். ஆனா ஓனர் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை வாங்கிச் சொல்லுங்கறான். ஓனரு பெரிய டாக்டரு. அவரு கிட்டப் போய், என்னத்தைன்னு சொல்லறது? எதுக்கு நம்பர்ம்பாரு. ஏன் சாத்துச்சும்பாரு. அப்பறம் அவரு விட மாட்டாரு, வேற ஆளை வெச்சு ஆதியில இருந்து தோண்டுவாரு. ஆடி மாசத்து சமாச்சாரம் வரைக்கும் தோண்டுவாரு. என்ற வேலையே போயிருங்க. இந்த வயசுல எவன் என்னைச் சேத்துக்குவான்? வேண்டாம். அந்தக் காங்கயத்து மனுசன் வேற மாட்டிக்குவாரு.

அப்பத்தான் அந்த ரெண்டாவது கதவு ஞாபகம் வந்துச்சு. அதை நான் எடுக்கவே இல்லையே. அதுக்கு இந்த விலாசச் சட்டமும் போடலை. சாவி இருந்தாப் போதும், எங்க இருந்து வேணாலும் போலாம். கோகிலவாணிகிட்டச் சாவி இருக்கும்.

அழிச்சுச்சுங்க. நான் பாத்தேன், சொன்னேன்ல. ஆனா ஒரு காப்பி எங்கயாச்சும் வெச்சிருக்கும். ஒரு பென்டிரைவ்ல, மெயில்ல. வெச்சிருக்காம இருக்குமா? நீங்களே சொல்லுங்க. வேலைய விட்டுத் தாட்டுன எடத்துச் சாவிய எவனாச்சும் முழுசா அழிப்பானா? மனுசன்னா ஒரு காப்பி வெச்சுக்கத்தான் செய்வான். நானா இருந்தா நிச்சயமா வெச்சிருப்பேன். அதை நம்பித்தான் இந்தப் பஸ்சுல உக்காந்திருக்கறேன். காலைல இருந்து போன் பண்றேன், எடுக்கலை. அப்பனைக் குளிப்பாட்டிட்டு இருக்குமாட்ட இருக்குது. ஊட்டுக்கே போயிரலாம்னு கெளம்பிட்டேன். திட்ட மாட்டேன். நீ ஏன் காப்பி வெச்சேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். சாவியக் குடு கண்ணு, ஆருக்கும் தெரியாம உள்ள போய் அந்த விலாசம் எழுதுன வரிய எடுத்துப்போட்டு வந்தர்றேன்னு சொல்லுவேன்.

கவுந்தப்பாடி வந்துருச்சுங்களா? எறங்கறவங்க எறங்கட்டும்.

இருங்க, போன். அதுதான்! வாணிதான்! கூப்புடுது பாருங்க, நல்ல பொண்ணுங்க.

அலோ, வாணிக்கண்ணு. நல்லா இருக்கறயா? அப்பா எப்படி இருக்கறாரு? அப்படியா. சரி, சரி. பஸ்சுல வர்றேன், உங்க ஊட்டுக்குத்தான். சும்மாதான், பாக்கலாம்னு. கண்ணு, ஒரு சின்ன சமாச்சாரம். அந்த ரெண்டாவது கதவு, சாவி, அதைக் கொஞ்சம்... ஆமா, அழிச்ச. அழிச்சது தெரியும், நான்தான் பாத்தேனே. அதைக் கேக்கலை. காப்பி. எங்கயாச்சும் ஒன்னு... நல்லா ரோசிச்சுப் பாரு. பென்டிரைவ்ல? பழைய மெயில்ல? நான் கோவிச்சுக்க மாட்டேன் கண்ணு, சத்தியமா. தெரியாத்தனமாக்கூட ஒன்னு தங்கி இருக்கும்ல? இல்லையா? அழிக்கச் சொன்னேன், அழிச்சுட்ட. ம். ம். டாக்டர்கிட்டயா? சொல்லலாம். சொல்லலாம், பாக்கறேன். இல்லை, நீ எதுக்கு சிரமப்பட்டுட்டு. ம். அப்பாவக் கேட்டதாச் சொல்லு. வெச்சர்றேன்.

இல்லையாமுங்க.

காப்பி இல்லையாம். நீங்கதானண்ணா அழிக்கச் சொன்னீங்க, எனக்கு எதுக்கு அதுங்குது. கேட்டீங்களா? பெரிய டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லி நம்பர் வாங்குங்கண்ணா, கொஞ்ச நேரத்துல தெறந்தரலாம், நான் போன்லயே கூட இருந்து ஒவ்வொன்னாச் சொல்லறேங்குது. நோயாளிங்க காத்துட்டு இருப்பாங்க, சுருக்காப் பண்ணுங்கங்குது. எங்கிட்டச் சொல்லுதுங்க, நோயாளிங்களைப் பத்தி.

என்ன பொண்ணுங்க இது? சொன்னா சொன்னபடியே அழிச்சர்றதா? ஒரு மனுசிக்கு ஒரு முன்யோசனை வேண்டாமா? ஒன்னை ஒளிச்சு வெச்சிருந்தா இன்னைக்கு எனக்கு உதவியிருக்குமே. இவ்வளவு சுத்தமா இருந்து ஆருக்கு என்ன லாபம்?

மறுபடியும் போன். பெரிய டாக்டரு. பாருங்க, பேரு வருது. ரொம்பிருச்சாட்ட இருக்குது. இப்பவேவா? அடிக்கட்டும். பஸ்சுல சத்தம், கேக்கலைன்னு சொல்லிக்கலாம்.

இல்லீங்க, நான் எறங்கலை. கோபிக்கே போறேன். போன்ல பேசறது வேற, நேர்ல கேக்கறது வேற. பழத்தைக் குடுத்து, பக்கத்துல உக்காந்து கேட்டா எடுத்துக் குடுத்துரும். வெச்சிருக்கும். நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? வெச்சிருக்குமுங்க. அது நெசமாவே அழிச்சிருந்தா, அன்னைக்கு நான் மீட்டிங்ல சொன்னதுக்கு என்னங்க அர்த்தம்? இல்லை, இல்லை. ஒரு காப்பி வெச்சிருந்தே ஆகோணும்.